ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ஆய்வுக்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள்

(பெற்றோர்களுக்கான வாக்காளர் விளக்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலை. துணி ஊறிக் கிடக்கும், சந்தைக்குப் போக வேண்டும், சிலருக்கு ஓவர்டைம்கூட இருந்திருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். வர முடியாமல் இதைப் பின்னால் வாசிக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

தலைப்பைப் பார்த்துவிட்டு வாசலில் ஓர் அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, அறிவியல் தொழில்நுட்பம்னு போட்டிருக்கே, இது படிச்சவங்களுக்கான கூட்டமா?" நியாயமான கேள்வி. அவருக்குப் பதிலாக ஒரு தோட்டத்தின் கதையைச் சொல்கிறேன்.

1921-ஆம் ஆண்டு வாக்கில், முதல் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்த வெள்ளைக்காரர்கள் சிலர் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டம் போட்டார்கள். அந்தப் பெரிய போரின் நினைவாகப் பிராங் பெசார் என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தோட்டம் வெறும் பால் எடுக்கிற தோட்டமாக மட்டும் இருக்கவில்லை. நல்ல பால் தரும் மரங்களைத் தேடிப் பிடித்து, ஒட்டுக்கட்டி, புது ரகங்களை உண்டாக்கினார்கள். ரப்பர் விவசாயம் தெரிந்த எவரிடமும் பி.பி. 86, பி.பி. 260 என்று சொல்லிப் பாருங்கள். உடனே தெரியும் என்பார். அந்த பி.பி. என்ற இரண்டு எழுத்தும் பிராங் பெசார்தான். அந்த ரகங்கள் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் வரையிலும் நடப்பட்டன.

எந்த மரம் அதிகம் பால் தருகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒரு மரத்துப் பால் இன்னொரு மரத்துப் பாலோடு கலக்காமல் தனித்தனியே எடுக்க வேண்டும், அளக்க வேண்டும், மாதக்கணக்கில், வருடக்கணக்கில். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையைக் காயப்படுத்தாமல் கோடு பிடித்து வெட்டுகிற கை இல்லாமல் அந்த ஆராய்ச்சி நடக்காது. அந்தக் கை யாருடையது என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரகத்துக்குத் தோட்டத்தின் பெயர் கிடைத்தது. வெட்டியவருக்கு நாள் சம்பளம் கிடைத்தது.

கதை அதோடு முடியவில்லை. 1993-இல் அரசாங்கம் புதிய நிர்வாகத் தலைநகருக்கு அதே இடத்தைத் தேர்ந்தெடுத்தது. பிராங் பெசார் புத்ராஜெயா ஆனது. 1996-இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் தொடங்கியது, 1997-இல் பக்கத்திலேயே சைபர்ஜெயா திறக்கப்பட்டது. கம்ப்யூட்டர் நகரம் என்று உலகமெல்லாம் பேச்சு. அங்கிருந்த தோட்டப் பாட்டாளிகளின் குடும்பங்கள் சில நூறு, டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டன. அந்தச் சுவர்கள் வெடிப்பு விட்ட கதையும், தரைவீடு கேட்டு அந்த மக்கள் வருடக்கணக்கில் ஏறி இறங்கிய கதையும் இந்தப் பக்கங்களை வாசிக்கிற உங்களுக்குப் புதிதல்ல.

ஒரே மண்ணில் இரண்டு முறை அறிவியல் வந்தது. முதல் முறை நம் கையால் நடந்தது, பெயர் நமக்கு இல்லை. இரண்டாவது முறை நம்மை எழுப்பிவிட்டு நடந்தது. அம்மா, இந்தக் கூட்டம் யாருக்கு என்று கேட்டீர்களே, அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான்.

சரி, அப்படியென்றால் தொழில்நுட்பம் பேசுகிற அரசியல்வாதியே நமக்கு வேண்டாமா? சில நண்பர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அறிவியலை முதலிடத்தில் வைக்கிற வேட்பாளர் மற்ற எவரையும்விட நமக்குத்தான் தேவை. வீடு, நிலம், கடை என்று பரம்பரைச் சொத்து எதுவும் நம்மில் பலருக்கு இல்லை. பிள்ளையின் தலைக்குள் போகிற படிப்பு ஒன்றுதான் நாம் கொடுத்துவிட்டுப் போகக்கூடியது. ஆனால் "தொழில்நுட்பம்" என்ற சொல்லை மேடையில் கேட்டதும் கைதட்டிவிடக் கூடாது. 1991-இல் அறிவித்த 2020 தூரநோக்கிலேயே அறிவியல் சமுதாயம் ஒரு குறிக்கோளாக இருந்தது. 2020 வந்து போய்விட்டது. அந்தச் சமுதாயத்தில் நமக்கு எத்தனை நாற்காலி போட்டார்கள்?

2007-ஐ நினைத்துப் பாருங்கள். அக்டோபர் 10-ஆம் தேதி நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் ரஷ்ய ராக்கெட்டில் போனார். 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய ஒப்பந்தத்தோடு வந்த வாய்ப்பு அது. கடைசிச் சுற்று வரை வந்த நால்வரில் வனஜா சிவா என்ற நம் பெண் ஒருவரும் இருந்தார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது, இன்றும் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் சாலைகளில் கண்ணீர்ப்புகைக்கு நடுவில் நம் மக்கள் நின்றார்கள். நாற்பத்தாறு நாள் இடைவெளிதான். ஒரு நாடு வானத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டே தரையில் ஒரு சமூகத்தை நிற்க வைக்க முடியும் என்று அந்த ஆண்டு நமக்குக் காட்டியது.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்துக்கு அது வேண்டியிருக்கிறது. எஸ்.ஆர்.பி.யில் எனக்கு அறிவியலும் கணிதமும் நன்றாகத்தான் வந்திருந்தன. படிவம் 4-க்குப் போகும்போது பள்ளியில் அப்பாவைக் கூப்பிட்டு, "உங்கள் பையன் அறிவியல் பிரிவில் தாக்குப் பிடிக்க மாட்டான்" என்றார்கள். பள்ளியின் பெயர் இப்போது வேண்டாம். அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வாத்தியாருக்குத் தெரியாதா என்று நினைத்தார். பிறகு முப்பது வருடம் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு வாழ்ந்தேன். கோளாறு என்ன என்று நான் சொல்வேன், என்னைவிடப் பத்து வயது இளைய பொறியியலாளர் அறிக்கையில் கையெழுத்துப் போடுவார். அவர் நல்ல பிள்ளை, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பிராங் பெசார் கதையைக் கேள்விப்பட்டபோது, இது என் கதையும்தானே என்று தோன்றியது.

இன்று அந்தக் கையெழுத்தின் விலை இன்னும் கூடிவிட்டது. 2024 மே மாதம் அரசாங்கம் தேசிய செமிகண்டக்டர் வியூகத்தை அறிவித்தது. 60,000 பொறியியலாளர்களை உருவாக்கப் போகிறோம் என்றார்கள், குறைந்தது 25 பில்லியன் ரிங்கிட் ஒதுக்குகிறோம் என்றார்கள். பினாங்கில் 1972-இல் இன்டெல் வந்தபோதிலிருந்து இந்த மின்னணுத் தொழிற்சாலைகளில் நம் பெண்கள் மூன்று ஷிப்டு பார்த்திருக்கிறார்கள். அந்த 60,000 பேரில் அவர்களுடைய பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? இதுதான் நான் வேட்பாளரிடம் கேட்கச் சொல்கிற முதல் கேள்வி.

பொறியியலாளர் வானத்திலிருந்து குதிக்க மாட்டார். படிவம் 4-இல் இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் எடுக்க வேண்டும். 2021 எஸ்.பி.எம். முதல் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் மூன்றாம் தாள் செய்முறைத் தேர்வு. பிள்ளை ஆய்வுக்கூடத்தில் நின்று கையால் செய்து காட்ட வேண்டும். படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்து எழுதிய காலம் போய்விட்டது. குழாயில் தண்ணீர் வராத ஆய்வுக்கூடம், கேஸ் அடுப்பு எரியாத ஆய்வுக்கூடம், உதவியாளர் இல்லாததால் பூட்டிக் கிடக்கும் ஆய்வுக்கூடம், இவற்றில் படித்த பிள்ளை அங்கே என்ன செய்யும்? டியூஷன் சென்டரில் பியூரெட் கிடையாது. பணம் உள்ளவர் வீட்டுப் பிள்ளைக்குக்கூட அதைக் கடையில் வாங்கிச் சமாளிக்க முடியாது, நமக்கு எப்படி முடியும்? பள்ளி ஒன்றுதான் வழி. அதனால்தான் இது அரசியல்.

இதற்குக் கீழே தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சுதந்திரத்தின்போது 888 பள்ளிகள் இருந்தன, இன்று மிச்சம் 500-க்குச் சற்று மேல். பாதிக்கு மேல் பகுதி உதவி பெறுகிறவை. 150 மாணவருக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி, நம் தோட்டப்புறப் பள்ளிகள் நிறைய அந்தக் கணக்கில்தான் வருகின்றன. அப்படியும் இந்தப் பள்ளிகளிலிருந்து போகிற சின்னஞ்சிறுசுகள் வெளிநாட்டுப் புத்தாக்கப் போட்டிகளில் தங்கம் வாங்கி வருகிறார்கள். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் மாலையோடு அரசியல்வாதிகள் நிற்பார்கள். போகும்போது விமான டிக்கெட்டுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறியதை அவர்களில் எத்தனை பேர் பார்த்தார்கள்?

மொழி விஷயத்தை இங்கே நீட்டி முழக்கப் போவதில்லை. 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், 2009-இல் அதைக் கைவிட முடிவெடுத்து 2012 முதல் திரும்பினார்கள். இடையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எந்த வேட்பாளராவது இனி எதையாவது மாற்றப் போகிறேன் என்றால், ஆசிரியர் பயிற்சிக்கு எத்தனை வருடம் கொடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

மெட்ரிகுலேசன் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2003-இல் நமக்கும் கதவு திறந்தது, பூமிபுத்ரா அல்லாதார் எல்லோருக்கும் சேர்த்து நூற்றுக்குப் பத்து இடம். 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் என்று அறிவித்தார்கள். 2019-இல் மொத்த இடங்களை 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தினார்கள், 90க்கு 10 கணக்கு அப்படியே நின்றது. 2024-இல், 10 ஏ-யும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இன மாணவருக்கும் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் லாரி ஓட்டுநரின் மகள், ஒரு அறையில் நான்கு பேரோடு படித்து 7 ஏ எடுத்தால், அந்த அறிவிப்பு அவளைப் பற்றிப் பேசவில்லை. நம் வீடுகளில் 10 ஏ-யைவிட 7 ஏ-தானே அதிகம்?

இனி, ஓட்டு. நாம் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. நம்மை மட்டும் நம்பி ஒரு நாடாளுமன்றத் தொகுதிகூட இல்லை. ஆனால் கலப்புத் தொகுதிகளில் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும்போது தராசை நாம்தான் சாய்க்கிறோம். அது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் தேர்தல் வந்ததும் அரிசி மூட்டை, கோயிலுக்குக் காசோலை, வேட்டி சேலை. அரிசியை வாங்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? உலையில் அரிசி இல்லாத வீட்டில் போய் அறிவியல் பேசுகிற அளவுக்கு நான் பெரிய மனிதனில்லை. வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய கையோடு கேட்டுவிடுங்கள், "ஐயா, இந்தத் தொகுதியில் எத்தனை இடைநிலைப்பள்ளிகளில் ஆய்வுக்கூட உதவியாளர் இல்லை?" 2022 தேர்தலின்போது எங்கள் தாமானுக்கு வந்தவரிடம் நான் கேட்டேன். அவர் உதவியாளரைப் பார்த்தார், உதவியாளர் தொலைபேசியைப் பார்த்தார். தெரியாது என்று ஒப்புக்கொண்டு, விசாரித்து வந்து சொல்கிறவராக இருந்தால் அவரை நான் மதித்திருப்பேன். "நம் பிள்ளைகள் எல்லாத் துறையிலும் முன்னேற வேண்டும்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஏற்கனவே பதவியில் இருப்பவர் மறுபடியும் வந்தால் வேலை இன்னும் சுலபம். நாடாளுமன்றத்தில் பேசியதெல்லாம் ஹன்சார்டு என்ற அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் இருக்கிறது, நாடாளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மலாய் மொழியில்தான் இருக்கும், உங்கள் பிள்ளைகளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. உங்கள் உறுப்பினரின் பெயரைப் போட்டு, சைன்ஸ், மக்மால், மெட்ரிகுலாசி என்ற சொற்களைத் தேடச் சொல்லுங்கள். ஐந்து வருடத்தில் ஒரு முறைகூடக் கேட்காதவர் அடுத்த ஐந்து வருடத்தில் கேட்பார் என்று எதை வைத்து நம்புவது?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தனி ஆள் நல்லவராக இருந்தும் கட்சி கைகாட்டுகிற பக்கம்தான் அவர் ஓட்டுப் போடுவார். பள்ளிக்கூடம் மத்திய அரசின் கையில், நிலம் மாநிலத்தின் கையில். அதனால் சட்டமன்ற வேட்பாளரிடம் பள்ளி நிலத்தைக் கேளுங்கள், நாடாளுமன்ற வேட்பாளரிடம் ஆசிரியரையும் ஆய்வுக்கூடத்தையும் மெட்ரிகுலேசன் இடத்தையும் கேளுங்கள். ஆள் மாறிக் கேட்டால் "அது என் அதிகாரத்தில் இல்லை" என்று தப்பித்துவிடுவார்கள். எந்தக் கட்சிக்குப் போடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, சொல்லவும் கூடாது.

2021 டிசம்பரிலிருந்து 18 வயதானால் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. 2018-இல் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த வாக்காளர்கள் 2022-இல் 2 கோடியே 11 லட்சம் ஆனார்கள். எஸ்.பி.எம். முடிவை வைத்துக்கொண்டு இடம் கிடைக்குமா என்று இரவெல்லாம் விழித்திருந்த பிள்ளைக்கே அடுத்த வருடம் ஓட்டு. இந்தக் கேள்விகளை நம்மைவிட அவர்கள் நன்றாகக் கேட்பார்கள். வேட்பாளர் வரும்போது அவர்களை அறைக்குள் போய்ப் படிக்கச் சொல்லாதீர்கள், வாசலில் உங்கள் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

நான் சொன்ன கேள்விகளைத் தமிழிலும் மலாயிலும் ஒரு தாளில் அடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று பக்கத்து வீட்டுக்கு. உங்கள் பிள்ளையின் பள்ளி ஆய்வுக்கூடம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பெயர் போட வேண்டியதில்லை, பள்ளியும் வகுப்பும் போதும். தேநீர் ஆறிப்போகிறது, வாருங்கள்.