கைக்குழந்தையும் கடற்கரையும்



முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன் நான். குழந்தை வளர்ப்பு பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம் அண்மைக் காலம் வரை என்னிடம் இருந்தது. அந்த எண்ணம் சென்ற தை மாதத்தில், காரங்காட்டுக் கடற்கரையில், ஒரு மணி நேரத்திற்குள் கலைந்து போயிற்று. அது கலைந்த வரலாற்றைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

வெளியூரில் பணிபுரியும் என் மகன் விடுமுறைக்காக இராமநாதபுரம் வந்திருந்தான். உடன் வந்தவர்கள் மருமகளும், ஐந்து மாதமே நிரம்பிய பேரனும். குழந்தை பிறந்த நாள் முதலாக மருமகள் இரவில் தொடர்ந்து மூன்று மணி நேரம் உறங்கியதில்லை. முகத்தில் களைப்பு தெரிந்தது. “ஒருநாள் கடலைப் பார்க்க வேண்டும் மாமா” என்று அவள் கேட்டபோது, “கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கடற்காற்றிலா?” என்று நான் தடை சொன்னேன். என் இல்லாள் குறுக்கிட்டு, “நம் ஊரில் குழந்தைகள் கடற்கரையிலேதான் பிறக்கிறார்கள்” என்றாள். அதற்கு மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

விடியற்காலையில் புறப்பட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலை தேவிபட்டினத்தைக் கடந்து தொண்டியை நோக்கிச் செல்கிறது. வழியில் உப்பூரில் வெயிலுகந்த விநாயகரை வணங்கினோம். வெயிலை விரும்பும் கடவுள் அவர்; ஆனால் குழந்தைகள் வெயிலை விரும்புவதில்லை. பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் விரைவில் சூடேறும். வியர்த்துத் தணிந்துகொள்ளும் ஆற்றலும் அதற்குக் குறைவு. ஆகவேதான் மருமகள் மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றையே அணிவித்திருந்தாள். நானோ சளி பிடிக்கும் என்று அஞ்சி, ஒரு கம்பளிக் குல்லாவைக் குழந்தையின் தலையில் மாட்டிவிட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரியவர் மனம் நோகுமே என்று நிறுத்திக்கொண்டாள். அவளுடைய அந்த மரியாதையின் விலையைப் பின்னர்க் குழந்தைதான் கொடுத்தது.

காரங்காடு பாக் விரிகுடாவின் கரையில் உள்ள மீனவர் ஊர். உப்பு நீரிலேயே செழித்து நிற்கும் அலையாத்திக் காடு அதன் செல்வம். சங்கப் புலவர்கள் நெய்தல் திணையில் பாடிய கண்டல் இதுவே. இம்மரங்களின் வேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு, எழுதுகோல்களை நட்டு வைத்தாற்போல மேலே நிற்கின்றன. சேற்றில் காற்று இல்லாமையால், மரம் இவ்வேர்களின் வழியாக மூச்சு விடுகிறது. அலையின் வேகத்தை ஆற்றுவதால் அலையாத்தி என்று பெயர். இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் இவ்வேர்களின் இடையே வளர்ந்து, பின்னரே கடலுக்குச் செல்கின்றன.

வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து இங்கே படகுப் பயணம் நடத்துகிறார்கள். நாங்கள் துறைக்குச் சென்றதும் படகோட்டி ஒருவர் குழந்தையைப் பார்த்துக் கைகூப்பினார். “ஐயா, இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ஏற்ற மிதவைச் சட்டை கிடையாது. தாயின் மடியில் இருந்தாலும் ஏற்ற மாட்டேன்” என்றார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். படகு கவிழ்ந்தால் மடி காக்குமா?

“சரி, நான் குழந்தையோடு கரையிலேயே இருக்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்” என்றாள் மருமகள். கடலைப் பார்க்க ஆசைப்பட்டவள் அவள். கரையில் நிற்பதும் அவளேவா? நான் தரையைப் பார்த்தேன். அப்போது என் இல்லாள் மெல்லச் சொன்னாள்: “நம் பிள்ளை இந்த வயதில் இருந்தபோது நீங்கள் வெளியூர்ப் பள்ளியில் இருந்தீர்கள். சனிக்கிழமை வருவீர்கள், ஞாயிற்றுக்கிழமை போவீர்கள். இன்றைக்கு ஒருமுறை பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நானும் படகில் போகிறேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அது என்னை மிகவும் தைத்தது. குழந்தையை வாங்கிக்கொண்டேன். மருமகள் பாலூட்டி, ஏப்பம் விடச் செய்து, இருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் படகேறினாள். நெய்தல் நிலத்தில் கரையிலிருந்து இரங்குவது தலைவிக்கு உரியது என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று அது தாத்தாவுக்கு உரியதாயிற்று.

கால் மணி நேரம் குழந்தை உறங்கியது. பிறகு விழித்தது, அழுதது. தோளில் சாய்த்தேன், அழுதது. பாடினேன், மேலும் அழுதது. மக்கட்பேறு என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்தியவன் நான். மழலையின் இனிமைக்கு எத்தனையோ விளக்கம் சொன்னவன். அழுகைக்கு ஒரு விளக்கமும் என்னிடம் இல்லை. முகம் சிவந்துவிட்டது. தாகமாக இருக்குமோ என்று எண்ணி, பையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்துத் திறந்தேன்.

அருகே மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், “ஐயா, தண்ணி வேண்டாம். முதலில் அந்தக் குல்லாவைக் கழற்றுங்க. பிள்ளை வேகுது” என்றார்.

கழற்றினேன். தலைமுடி முழுவதும் நனைந்திருந்தது. பிடரியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. மூதாட்டி குழந்தையை ஓலைப்பந்தலின் நிழலுக்குக் கொண்டுவரச் சொல்லி, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடம்பை ஒற்றி எடுத்தார். சிறிது நேரத்தில் அழுகை அடங்கியது. என் கைகளின் நடுக்கம் அடங்க இன்னும் சற்று நேரம் ஆயிற்று.

தண்ணீரைப் பற்றி இங்கே ஒரு சொல். ஆறு மாதம் வரையில் குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், கோடையிலும் தனியே தண்ணீர் தர வேண்டியதில்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். உலக நல வாழ்வு நிறுவனமும் அவ்வாறே கூறுகிறது. தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட பங்கு நீரே. சிறிய வயிற்றைத் தண்ணீரால் நிரப்பினால் பால் குடிப்பது குறையும். தூய்மையற்ற நீரானால் நோயும் வரும். வெயில் நாளில் தாய் நிறைய நீர் அருந்துவதும், குழந்தைக்கு அடிக்கடி பாலூட்டுவதுமே வழி. இவற்றை மருமகள் முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். ‘நேற்று வந்த பெண்’ என்று எண்ணி நான் காதில் வாங்கவில்லை.

படகு திரும்பியது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மருமகள் குழந்தையை வாரி எடுத்து, மார்பில் கைவைத்துப் பார்த்தாள். பின்னர், “பரவாயில்லை மாமா, இனிமேல் உங்களுக்குத் தெரியும்” என்றாள். அவள் முகத்தில் பல மாதங்களாகக் காணாத தெளிவு இருந்தது. என் இல்லாளைக் கேட்டேன், “கடல் எப்படி இருந்தது?” என்று. “கல்யாணமாகி இந்த மாவட்டத்துக்கு வந்த நாள் முதலாகக் கரையிலிருந்தே பார்த்தேன். இன்றைக்குத்தான் உள்ளே போனேன்” என்றாள். அதற்கும் என்னிடம் மறுமொழி இல்லை.

மாலையில் படகோட்டி அலையாத்தியின் கனி ஒன்றைக் கொடுத்தார். அதன் தோலுக்குள்ளே விதை ஏற்கெனவே முளைத்திருந்தது. கண்டல் இனங்களில் பல, உப்பு நீரில் விதையை வெறுமனே உதிர்ப்பதில்லை; மரத்திலேயே முளைக்கச் செய்து, பிழைக்கும் நிலை வந்தபின்னரே விடுகின்றன. இதே பாக் விரிகுடாவின் வடபகுதியில், 2022ஆம் ஆண்டில், 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுவுக்கான காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கடற்பசு ஓர் ஈற்றில் ஒரு கன்றையே ஈன்று, ஒன்றரை ஆண்டு வரை பாலூட்டி, தன் பக்கத்திலேயே வைத்துக் காக்கும். தாய்மையின் பாரம் மரத்துக்கும் விலங்குக்கும் உண்டு. ஆனால் மனிதத் தாய்க்கு அந்தப் பாரத்தை ஒரு மணி நேரம் கைமாற்றிக்கொள்ள உறவினர் இருக்கிறார்கள்.

நேயர்களே, கைக்குழந்தையோடு கடற்கரை செல்லலாம். காலையிலோ மாலையிலோ செல்லுங்கள், நிழலில் வையுங்கள், மெல்லிய துணி போதும், கொசு கடிக்காமல் காத்துக்கொள்ளுங்கள், படகில் ஏற்றாதீர்கள். குழந்தைக்கு வேண்டியவை இவை. தாய்க்கு வேண்டியது வேறொன்று. வீட்டிலுள்ள தாத்தாக்களே, அதை நாம்தாம் கொடுக்க வேண்டும். கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குமுன் அதன் தாய் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பளிக் குல்லா இப்போது என் மேசைமேல் இருக்கிறது. யாருக்கேனும் அறிவுரை சொல்லத் தோன்றும்போதெல்லாம் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.