பணியாளரின் சொல்லுக்குச் செவி சாய்ப்போம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



காவிரிக் கரையிலுள்ள நம் மோகனூரிலும் அருகிலுள்ள நாமக்கல்லிலும் லாரித் தொழில், கோழிப்பண்ணை, ஜவுளி, மளிகை எனத் தொழில்கள் பல. நம்மில் பலர் பிறரிடம் வேலை செய்கிறோம்; சிலர் பிறரை வைத்து வேலை வாங்குகிறோம். வேலை வாங்குவோரின் பொறுப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் 2021ஆம் ஆண்டு ஒரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. வேலை நேரம் முழுவதும் ஊழியர்கள் நின்றுகொண்டே இருக்கலாகாது. இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்பதே அது. கேரளம் 2018லேயே இதற்கு வழி செய்தது. அங்கே கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையற்கலைஞரின் முன்முயற்சியால் 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் ஒன்றுகூடி, உட்காரும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள்.

சகோதரர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு முக்காலி என்ன விலை? அதைப் பெறுவதற்குப் போராட்டமும் சட்டமன்றமும் தேவைப்பட்டன. முதலாளிகள் அனைவரும் கொடியவர்கள் என்பதன்று இதன் பொருள். கால் வலிக்கிறது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என அவர்கள் அஞ்சினார்கள். வலிக்கிறதா என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

நானும் சிறு கடை நடத்தியவன். பெருநாள் நெருக்கத்தில் ஒரு நாள் ஆள் வராததால், கல்லாவை விட்டு இறங்கி மாலை வரை நானே நின்று துணி எடுத்துக் காட்டினேன். இரவில் கால்கள் வீங்கிவிட்டன. ஆண்டுக்கணக்கில் இப்படி நின்ற பிள்ளைகள் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவர்கள் சொல்லாததற்குக் காரணம் நானே என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் அனஸ் (ரலி) அவர்கள் சிறு வயதிலிருந்து பத்தாண்டுகள் பணிவிடை செய்தார்கள். அக்காலம் முழுவதும் தம்மை ஒரு முறையேனும் 'சீ' என்று நபிகளார் கடிந்ததில்லை என அவர்களே அறிவித்துள்ளார்கள். உணவு சமைத்துக் கொண்டு வரும் பணியாளரை உடன் அமர்த்தி உண்ணச் செய்யுமாறும், இயலாவிடில் ஓரிரு கவளமாவது அவருக்குக் கொடுக்குமாறும் நபிகளார் பணித்தார்கள்.

செவி சாய்ப்பதற்கும் அவர்களிடமே முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) பத்ருக் களத்தில் பாசறை அமைத்தபோது, ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) என்ற தோழர், இவ்விடம் இறைக்கட்டளையால் தேர்ந்ததா, போர் உத்தியா என்று வினவினார். உத்திதான் என்றறிந்ததும், எதிரிகளுக்கு அண்மையிலுள்ள நீர்நிலைக்குச் செல்வதே நலம் என்றார். நபிகளார் அதை ஏற்றுப் பாசறையை மாற்றியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தலைவர் இடம் மாறியதால் அவர் மதிப்புக் குறையவில்லை. அச்சமின்றிப் பேச அத்தோழருக்கு இடம் இருந்தது என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

ஆகவே, கடை வைத்திருப்போர் இருக்கை போடுங்கள். போட்டபின் அதில் அமர்ந்தால் முகம் சுளிக்காதீர்கள். லாரி வைத்திருப்போர், ஓட்டுநர் தூக்கம் வருகிறது என்றால் அதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். பணியாளர் எம்மதத்தவராயினும் மாதம் ஒரு முறையேனும் அவரைத் தனியே அழைத்து, குறை என்ன என்று கேளுங்கள். சொன்னவரைப் பின்னர் பழி வாங்காதீர்கள்.

இறுதியாக ஒன்று. இந்த ஜமாஅத்தும் ஒரு முதலாளிதான். நம் இமாமும் மோதினாரும் நம்மிடம் பணிபுரிவோரே. தொழுகையில் நாம் இமாமின் பின்னே நிற்கிறோம். சம்பளம் கேட்க அவர் நம் முன்னே வந்து நிற்கலாமா? அவர்களின் விடுப்பு, இருப்பிடம், பிள்ளைகளின் படிப்பு பற்றி நாம் எத்தனை முறை விசாரித்தோம்? 2009இல் அமைக்கப்பட்ட உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் அவர்கள் பதிவு செய்துகொள்ள நாம் உதவினோமா? ஒவ்வொரு நிர்வாகக் கூட்டத்திலும் முதல் பொருளாக அவர்களின் சொல்லைக் கேட்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் பொறுப்பிலுள்ளோரிடம் நீதியுடன் நடக்க நல்லருள் புரிவானாக! ஆமீன்.