வேற்றுலகத்தாருக்கு எந்தப் பாட்டு?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்ஜினியரைப் பேசக் கூப்பிட்டால் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஓர் இசைத்தட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு பழைய கடனும் பாக்கி இருக்கிறது.

2005. முதலாண்டு. விடுதியில் சீனியர் அண்ணன் ஒருவருடைய கம்ப்யூட்டரில் எந்நேரமும் ராக் பாட்டு ஓடும். டேவிட் போவி 1972-ல் வெளியிட்ட 'ஸிகி ஸ்டார்டஸ்ட்' ஆல்பம் அவருக்கு உயிர். உலகம் அழிய ஐந்தே ஆண்டு. விண்ணிலிருந்து வரும் செய்தியைச் சொல்ல ஒரு ராக் பாடகன். ரசிகர்கள் அவனைத் தெய்வமாக்குகிறார்கள்; கடைசியில் அவனே அழிந்துபோகிறான். வேற்றுலகமும் மதமும் ஒரே தட்டில்! "தமிழ்ல இப்படி ஒண்ணு உண்டாடே?" என்று கேட்பார்.

அந்த வருடம்தான் இளையராஜாவின் 'திருவாசகம்' சிம்பொனி வந்தது. ஆறு பாட்டு. வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. ஆங்கில வரிகள் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கர். வெளியிட்டது 'தமிழ் மையம்'. அதை நடத்தியவர் ஜெகத் கஸ்பர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். ஓதுவார் பாடிக் கேட்ட என் காதுக்கு அத்தனை வயலின் முதலில் உறுத்தத்தான் செய்தது. பிறகு மயிர்க்கூச்செறிந்தது.

பாட்டு முடிந்தபோது சாயர்புரத்திலிருந்து வந்த என் அறைத்தோழன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆச்சி மடியில் சிவபுராணம் படித்த கர்வம் எனக்கு. "ஏலே, இது எங்க பாட்டு. வேதக்காரன் ஒனக்கு என்னத்துக்குல அழுகை?" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. "எங்க ஊர்ல இருந்த போப்பையர்தாம்ல இதை இங்கிலீஷ்ல கொண்டுபோனாரு. ஒனக்குத் தெரியாதுல்லா?" என்றான். அடுத்த வருடம் வேறு அறைக்குப் போய்விட்டான்.

பின்னால்தான் படித்தேன். ஜி.யு.போப் 1839-ல் தமிழகம் வந்தவர். அன்றைய திருநெல்வேலிச் சீமையின் சாயர்புரத்தில் பணியாற்றியவர். 1900-ல், 80 வயதில், திருவாசகத்தின் 51 பகுதிகளையும் ஆங்கிலமாக்கி ஆக்ஸ்போர்டில் வெளியிட்டார். 'எங்க பாட்டு' என்று சொன்ன எனக்கு அன்றைக்குத் தெரிந்தது ஒரே ஒரு பகுதி!

திருவண்டப்பகுதியையும் அதற்குப் பிறகுதான் படித்தேன். வீட்டுக்குள் விழும் வெயில் கீற்றில் தூசி மிதக்கிறதே, அதுபோல எண்ணிறந்த அண்டங்கள் மிதப்பதாகப் பாடுகிறார் மாணிக்கவாசகர். சீனியர் அண்ணன் கேட்ட கேள்விக்கு விடை அங்கே இருந்தது.

1977-ல் வாயேஜர் விண்கலங்களில் வேற்றுலகத்தாருக்காகத் தங்க இசைத்தட்டு அனுப்பினார்கள். அதில் 55 மொழிகளில் வணக்கம் உண்டு. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. தமிழ் இல்லை. மாணவச் செல்வங்களே, மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதிக்கிற மாவட்டம் நம்முடையது. நாளை உங்களில் ஒருவர் அப்படி ஒரு தட்டு அனுப்பினால், இந்த ஆறு பாட்டையும் வையுங்கள். பாண்டி நாட்டுப் பாட்டு. கனடாவில் பிறந்த பாதிரியார் மொழிபெயர்த்தது. தமிழ் தெரியாத ஹங்கேரிக்காரர்கள் வாசித்தது. முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பழகிய பாட்டு. இன்னும் கொஞ்ச தூரம் போகட்டுமே!

கடைசியாக அந்தக் கடன். அந்த அறைத்தோழன் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறான். காலையில் டிபன் வரிசையில் "எப்படிலே இருக்க?" என்று அவனே வந்து தோளைத் தொட்டான். எனக்கு வார்த்தை வரவில்லை. இப்போது சொல்கிறேன். மக்கா, அது நம்ம பாட்டு. அன்னைக்குச் சொன்னதை மன்னிச்சிரு. சாயங்காலம் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போவோம். ஆத்துல தண்ணி நல்லா ஓடுதாம்.