மாத்திரை சாப்பிடலாமா, டாக்டரம்மா?

(மருத்துவமனையின் நண்பர்கள் கூடுகையில் மனநலப் பிரிவினர் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இந்தக் கூடுகையில் புதிய வார்டைப் பற்றியோ, புதிதாக வந்த கருவியைப் பற்றியோ உங்களுக்குச் சொல்வது வழக்கம். இந்த முறை எங்கள் புறநோயாளிகள் பிரிவில் வாரந்தோறும் கேட்கப்படும் ஒரு கேள்வியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நாட்கணக்கில் நீங்காத மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடலாமா, வேண்டாமா என்பதே அது. உங்களில் சிலரும் தங்களுக்காகவோ, வீட்டில் ஒருவருக்காகவோ இதே கேள்வியைச் சுமந்து வந்திருக்கக் கூடும்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறோம். அவருடைய அனுமதி பெற்றே சொல்லுகிறோம். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் வருடம் எப்படியோ தாங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக விட்டுப்போயிற்று. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். மறுபடி தூக்கம் வராது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்தினார். ஆலயத்துக்குப் போவதும் குறைந்தது. எட்டு கிலோ இளைத்துப் போனார்.

ஆனால் எங்களிடம் அவர் மனச்சோர்வு என்று சொல்லி வரவில்லை. தலை பாரம், நெஞ்செரிச்சல், உடம்பெல்லாம் வலி என்று பொது மருத்துவப் பிரிவுக்குத்தான் வந்தார். நம் ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான் வருகிறார்கள். பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் பிரிவுக்கு அனுப்பப்பட்ட அன்று கைப்பையிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்தார். அதற்குள் நான்காக மடித்த ஒரு மருந்துச் சீட்டு இருந்தது. வேறு ஊரில் ஒரு டாக்டர் நான்கு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தது. அந்த மாத்திரையை அவர் வாங்கவே இல்லை.

“ஏன் டீச்சர் வாங்கல?” என்று கேட்டோம்.

“ஒரு தடவ ஆரம்பிச்சா சாகிற வரைக்கும் விட முடியாதுன்னு சொல்றாங்க டாக்டரம்மா. அதோட, ஜெபம் பண்றவ இதைச் சாப்பிடலாமா? எனக்கு விசுவாசம் பத்தலன்னுதானே அர்த்தம்?”

இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொன்னோம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டபோது அவருக்கு முதலில் கிடைத்தது கடிந்துகொள்ளுதல் அல்ல. தூக்கமும் அப்பமும் தண்ணீரும்தான். சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்ளும் உபதேசியாரின் விசுவாசத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. இதையும் அப்படியே எண்ண வேண்டும் என்றோம்.

விட முடியுமா என்ற கேள்விக்குப் பதில் சற்று நீளமானது. மதுவைப் போல, நாளுக்கு நாள் அளவைக் கூட்டத் தூண்டும் ஏக்கத்தை இந்த மாத்திரைகள் உண்டாக்குவதில்லை. ஆயினும் உடம்பு அவற்றுக்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் சிலருக்குத் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு, தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்ச்சி எல்லாம் வரலாம்.

இதில் எங்கள் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு தாயார் மூன்றாம் மாதம் நன்றாக இருக்கிறதென்று ஒரே நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு நாளில் மேற்சொன்ன தொல்லைகள் எல்லாம் வந்தன. ‘அடிமையாகிவிட்டேன்’ என்று அழுதுகொண்டே திரும்பி வந்தார். நாங்கள் முன்னமே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறோம்: குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். மனச்சோர்வு முன்பும் பலமுறை வந்தவர்களுக்கு இதைவிட நீண்ட காலம் தேவைப்படலாம்.

இந்த மருந்துகள் வந்த கதை உங்களுக்கு வியப்பாக இருக்கும். 1952-ல் நியூயார்க்கில் ஒரு காசநோய் மருத்துவமனையில் ஐப்ரோனியசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்தார்கள். படுக்கையில் கிடந்த நோயாளிகள் எதிர்பாராத உற்சாகம் அடைந்தார்கள். 1957-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் குன், இமிப்ரமின் என்ற மருந்து ஆழ்ந்த மனச்சோர்வைக் குறைக்கிறது என்று அறிவித்தார். பக்கவிளைவு குறைந்த ஃப்ளூவாக்ஸெடினுக்கு அமெரிக்காவில் 1987-ல் அனுமதி கிடைத்தது. இந்த மருந்துகளுக்குப் பலன் உண்டு என்று முதலில் கண்டார்கள். காரணத்தைப் பிறகுதான் தேடினார்கள். மூளையில் செரோட்டோனின் குறைவதே நோய்க்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவந்த விளக்கம் நிரூபிக்கப்படவில்லை. ஆகையால் அப்படி நாங்கள் சொல்வதில்லை.

பலன் எவ்வளவு? 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 21 மருந்துகளையும் 522 சோதனைகளையும் பார்த்தது. 1,16,000-க்கும் மேற்பட்டோர் அவற்றில் பங்கு பெற்றிருந்தார்கள். 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட அதிகப் பலன் தந்தன. ஆனால் சராசரி வித்தியாசம் பெரிது அல்ல. ஒருவருக்கு நன்றாகக் கேட்கிறது. இன்னொருவருக்கு மருந்தை மாற்ற வேண்டியிருக்கிறது. வேறொருவருக்குப் பலனே இல்லை. இவருக்குக் கேட்குமா என்று முன்கூட்டிச் சொல்லும் இரத்தப் பரிசோதனை கிடையாது. எனவேதான் நாங்கள் இதை ஒரு முயற்சி என்றே சொல்லுகிறோம். தொடங்கும் நாளும், பலனைப் பார்த்து முடிவு செய்யும் நாளும் குறித்துக்கொண்ட முயற்சி.

சீட்டு எழுதுமுன் நான்கு காரியங்களைக் கேட்டு அறிகிறோம். முதலாவது, சோர்வு இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக ஒவ்வொரு நாளும் இருக்கிறதா, அன்றாட வேலையை எவ்வளவு முடக்கியிருக்கிறது? இரண்டாவது, தைராய்டு குறைவு, இரத்தசோகை, மதுப்பழக்கம், வேறு மருந்து இவற்றில் ஏதாவது காரணமாக இருக்குமா? மூன்றாவது, முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவு மீறிய உற்சாகத்தோடு, பணத்தை வாரி இறைத்த நாட்கள் உண்டா? இருமுனை மனநோய் உள்ளவருக்கு இந்த மாத்திரையை மட்டும் தனியே கொடுத்தால் கேடு விளையலாம். நான்காவது, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? இதைக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. கேட்க ஒருவர் இருக்கிறாரே என்று பலர் பெருமூச்சு விடுகிறார்கள். ஆம் என்று பதில் வந்தால், வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கேட்டு, அன்றே அப்புறப்படுத்தச் சொல்லுகிறோம்.

எல்லாருக்கும் மாத்திரை எழுதுகிறோமா? இல்லை. அதே மாதத்தில் ஒரு கல்லூரி மாணவர் தாயாரோடு வந்தார். பரீட்சையில் தோற்று மூன்று வாரமாகச் சோர்வு. ஆனால் சாப்பிடுகிறார், நண்பர்களோடு பேசுகிறார், சாவைப் பற்றிய எண்ணம் இல்லை. “தம்பி, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், அடுத்த வாரம் இதே நாள் கட்டாயம் வாங்க” என்றோம். தினமும் குறித்த நேரத்தில் எழுந்து தகப்பனாரின் டீக்கடைக்குப் போக வேண்டும், இரவில் கைப்பேசியைத் தாயாரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. வாரம் ஒருமுறை ஆலோசகரோடு பேச்சு. இரண்டு மாதத்தில் தேறிவிட்டார்.

லேசான மனச்சோர்வுக்கு மாத்திரையை வழக்கமான முதல் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றே பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்லுகிறது. கடுமையான சோர்விலும் பேச்சு சிகிச்சைக்கு இடமுண்டு. கோவாவில் நடந்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், மனநல மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கொடுத்த சிகிச்சை நல்ல பலன் தந்தது.

டீச்சருக்கு வருவோம். ஒரு வருடத்துச் சோர்வு, எடை இழப்பு, தூக்கமின்மை. ‘கண்ணை மூடிட்டா தேவலை’ என்ற எண்ணமும் இருந்தது. எங்கள் எண்ணத்தைச் சொன்னோம்: மாத்திரையும் ஆலோசனையும் இரண்டும் சேர்ந்து முயன்று பார்க்கலாம். முடிவை அவரிடமே விட்டோம். மகனோடு வெளியே வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் பேசிவிட்டு வந்து, “எட்டு வாரம் பார்ப்போம் டாக்டரம்மா” என்றார்.

குறைந்த அளவில் ஆரம்பித்தோம். முதல் வாரம் குமட்டல். விட்டுவிடலாமா என்று போன் செய்தார். பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் தணிந்துவிடும், சாப்பாட்டுக்குப் பின் எடுங்கள் என்றோம். வயதானவர்களுக்கு உப்புச்சத்தான சோடியம் குறையக் கூடும் என்பதால் இரத்தம் எடுத்துப் பார்த்தோம். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆரம்ப வாரங்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-ல் சிறுவர்களுக்கும், 2007-ல் 24 வயது வரையுள்ள இளைஞருக்கும் சேர்த்துக் கடும் எச்சரிக்கை விடுத்தது.

நான்காம் வாரம் பெரிய மாற்றம் இல்லை. டீச்சருக்கு ஏமாற்றம்தான். அளவைச் சிறிது கூட்டினோம். ஆறாம் வாரம் மகன்தான் முதலில் சொன்னார்: “அம்மா அஞ்சு மணி வரைக்கும் தூங்குறாங்க.” எட்டாம் வாரம் டீச்சர் சொன்னார்: “அவர் நினைப்பு இருக்கத்தான் செய்யுது. நேத்து ரெண்டு பிள்ளைங்க கணக்கு நோட்டோட வந்துச்சு. திருப்பி அனுப்பல.”

அன்பானவர்களே, நீங்கள் வீடு திரும்பும்போது இதை மனதில் கொண்டு போங்கள். வீட்டில் ஒருவர் சோர்ந்திருந்தால், “எல்லாம் மனசுதான், தைரியமா இரு” என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். “மாத்திரையா, அய்யோ” என்றும் பயமுறுத்தாதீர்கள். “வா, கேட்டுவிட்டு வருவோம்” என்று கூடப் போங்கள். உயிருக்கு ஆபத்தான எண்ணம் இருந்தால் தனியே விடாமல் அன்றே அழைத்து வாருங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

டீச்சரின் அந்தப் பழைய சீட்டு நான்கு மாதம் மடித்தபடியே கிடந்தது. ‘பிரித்துப் பார்ப்போமா அம்மா?’ என்று கேட்க அந்த நான்கு மாதமும் அருகில் ஒருவர் இருந்திருக்கலாம். உங்கள் தெருவில் அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.