வாய் மாறினால் சோதனையும் மாறுமோ?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மேடையிலே வெல்டிங் வேலையைப் பற்றி ஒருவன் பேச வருவான் என்று தாங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். ஆயினும் வீட்டுப் படலை முதல் வைத்தியசாலைக் கொதிகலன் வரை எத்தனையோ பொருள்கள், உருக்கை உருக்கி ஒட்டிய ஒரு வரியை நம்பியே நிற்கின்றன. அவ்வரியின் உறுதியைக் கண்ணாற் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆகவேதான் சோதனைகளும் விதிகளும் ஏற்பட்டன.

சோதனை இருவகைப்படும். ஒன்று செய்முறைக்கு உரியது. இன்ன உருக்கு, இன்ன கம்பி, இன்ன சூடு என்று குறித்து, ஒரு தகட்டை ஒட்டித் துண்டுகளாக அறுத்து, இழுத்தும் வளைத்தும் பார்ப்பார்கள். மற்றையது ஒட்டுபவரின் கைக்கு உரியது. முன்னது உலோகத்தைச் சோதிக்கிறது. பின்னது மனிதரைச் சோதிக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்கியவர்களுள் நானும் ஒருவன்.

கடந்த விடுமுறையிலே பயிற்சிக்காக ஒரு வேலைத்தலத்துக்குச் சென்றிருந்தேன். அங்கே அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் சிறு கலங்களைச் செய்தார்கள். தகட்டின் ஓரங்களை உள்ளும் புறமும் சரித்து வெட்டி, இரு பக்கமும் நின்று ஒட்டுகின்ற இரட்டை 'வீ' வாய்தான் வரைபடத்தில் இருந்தது. ஆனால் கலத்தை மூடும் கடைசி மூட்டிலே உள்ளே கைவிட வழியில்லை. ஆகவே வெளிப்பக்கத்திலிருந்து மட்டும் ஒட்டும் ஒற்றை 'வீ' ஆக அதை மாற்றினார்கள். மறுபடி சோதனை வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது.

"தம்பி, கம்பியும் அதுதான், தகடும் அதுதான். வாய் மாறினால் என்ன?" என்றார் மேற்பார்வையாளர். "இல்லை அண்ணை, எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்க வேணும்" என்றேன் நான். விதிநூலைப் புரட்டியபோது, இருவர் சொன்னதும் பாதி சரி, பாதி பிழை என்று கண்டோம்.

அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் கொதிகலன் விதிநூலில் 9ஆம் பகுதியே அவ்வேலைக்கு வழிகாட்டி. அது மாற்றங்களை இன்றியமையாதவை, அல்லாதவை எனப் பிரிக்கிறது. இன்றியமையாத ஒன்று மாறினால் செய்முறையை மீண்டும் சோதிக்க வேண்டும். அல்லாதது மாறினால் செய்முறைத் தாளைத் திருத்தி எழுதினாற் போதும். கையினாற் செய்யும் மின்வில் வெல்டிங்கிலே வாயின் வடிவம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கம்பியும் சூடும் மாறாதவரை, வாயின் வடிவத்தால் உலோகத்தின் வலிமை பெரிதும் மாறுவதில்லை என்பதே காரணம். தகட்டின் தடிப்பு அப்படியன்று. 12 மில்லிமீற்றர்த் தகட்டிற் செய்த சோதனை 5 முதல் 24 மில்லிமீற்றர் வரைக்குமே செல்லும். ஆகவே செய்முறையைப் பொறுத்தவரை மேற்பார்வையாளரே வென்றார்.

கையைப் பொறுத்தவரை நான் வென்றேன். இரட்டை வாயிலே முதலிட்ட வரி, பின்வருவதற்குத் தாங்கலாகிறது. மறுபக்கத்தைக் குடைந்து குறையைத் திருத்தவும் இயலும். ஒற்றை வாயிலே தாங்கல் இல்லை. உருகிய உலோகத்தை வெறும் இடைவெளியிலே நிறுத்தி, இரு விளிம்புகளையும் அடிவரை உருக்கவேண்டும். தாங்கலோடு மட்டும் தேறியவர், தாங்கலில்லாத மூட்டுக்கு மீண்டும் தேறவேண்டும் என்கிறது அதே நூல்.

அங்கே மூத்த தொழிலாளி ஒருவர் இருந்தார். இருபது வருடக் கைப்பழக்கம். சோதனை என்றதும் அவர் முகம் சுருங்கியது. அவர் ஒட்டிய துண்டை, அடிப்பக்கம் வெளியே வரும்படி வளைத்தபோது நடுவே பிளந்தது. ஒருவரும் பேசவில்லை. அவர் அப்பிளவை விரலாலே தடவிப் பார்த்து, "கலத்திலே பிளக்காமல் இதிலே பிளந்தது நல்லதுதான், தம்பி" என்றார். ஒரு கிழமை பழகி, அடுத்த சோதனையிலே தேறினார்.

எல்லா நூல்களும் ஒன்றையே சொல்வதில்லை. உருக்குக் கட்டடங்களுக்கான அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 நூல், வாயின் கோணம் குறைந்தாலோ, அடி இடைவெளி ஒடுங்கினாலோ, சரிக்காது விட்ட விளிம்பு தடித்தாலோ, அம்மாற்றம் குறித்த அளவை மீறுமிடத்துச் செய்முறையையே மீண்டும் சோதிக்கச் சொல்கிறது. ஒடுங்கிய வாயிலே கம்பி அடியை எட்டாது; கசடு உள்ளே தங்கிவிடும்.

விதியை நிறைவேற்றினாற் போதுமோ? 1994 ஜனவரி 17ஆம் நாள் கலிபோர்னியாவிலே நோர்த்ரிட்ஜ் நிலநடுக்கம் ஏற்பட்டது. கட்டட விதிகள் ஏற்றிருந்த முறையிலே உத்திரத்தையும் தூணையும் ஒட்டிய மூட்டுக்கள், 100க்கும் மேற்பட்ட உருக்குக் கட்டடங்களில் வெடித்திருக்கக் கண்டார்கள். அவை இடிந்து விழாதது நற்பேறு. அகற்றாமல் விட்ட பின்தகடு, மூட்டின் அடியிலே ஒரு கீறலைப் போல் நின்றது. ஒட்டிய உலோகமும் அதிர்ச்சியைத் தாங்கும் தன்மையிற் குறைந்திருந்தது. அதன் பின்னரே, நிலநடுக்கப் பிரதேசங்களுக்கென டி1.8 என்னும் தனி நூல் 2005இல் வெளிவந்தது.

ஆகவே தோழர்களே, மூட்டு மாறும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உலோகம் மாறுமோ? கைக்குரிய வேலை மாறுமோ? மூட்டின் மேல் வரும் பாரம் மாறுமோ? முதலிரண்டுக்கும் இந்நூல்கள் விடை தரும். மூன்றாவதற்கு வரைபவனே பொறுப்பு. "சோதனை வேண்டியதில்லை" என்று நூல் சொல்லுமிடத்திலும், சிந்தனை வேண்டியதில்லை என்று அது சொல்லவில்லை.