வேலைப் பதிவு எளிமையாக இருக்கட்டும்



இன்று கந்தோர்கள் பலவற்றிலே வேலைகளைக் கணனியிற் பதிந்து பின்தொடரும் மென்பொருள்கள் புகுந்துவிட்டன. உங்களிற் பலர் அவற்றைக் கையாளப் போகின்றவர்கள்; பெரியோர்களிற் சிலர் கையாளும்படி பணிக்கின்றவர்கள். இரு சாராருக்கும் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

இம்முறை கணனியிற் பிறந்ததன்று. காகித அட்டையிற் பிறந்தது. யப்பானிலே ரொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையைச் சேர்ந்த தைச்சி ஓனோ என்பவர், அமெரிக்கச் சுப்பர்மாக்கற்றுகளிலே விற்ற அளவுக்கே தட்டுக்களை நிரப்பும் வழக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1953ஆம் ஆண்டளவில் இதனைக் கையாண்டார். உதிரிப்பாகப் பெட்டியோடு ஓர் அட்டை செல்லும். பாகம் எடுக்கப்பட்டதும் அட்டை திரும்பும். அட்டை வந்தாலன்றிப் புதிதாக எதுவும் செய்யலாகாது. இதற்குக் 'கன்பன்' என்று பெயர். அட்டைகள் மட்டாக இருந்தமையால் தேக்கமும் மட்டாயிற்று.

2011இல் வெளிவந்த ட்ரெல்லோ என்னும் மென்பொருள் அவ்வட்டையையே கணனித் திரைக்குக் கொண்டுவந்தது. 'செய்யவேண்டியவை', 'செய்யப்படுபவை', 'முடிந்தவை' என்னும் மூன்று நிரல்களே பெரும்பாலான கந்தோர்களுக்குப் போதும். 2002இல் அவுஸ்திரேலியக் கம்பனியொன்று வெளியிட்ட ஜிராவிலோ படிகளையும் கட்டங்களையும் விரும்பியவாறு கூட்டலாம். ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றது. ஒரு கடிதம் அனுப்பப் பத்துக் கட்டங்கள் நிரப்பவேண்டுமென்றால், எழுதுவினைஞர் கடிதத்தை மறந்து கட்டங்களையே நிரப்பிக்கொண்டிருப்பார்.

ஆகவே நான்கு விதிகள் போதும். ஓர் அட்டையில் ஒரு வேலை. அதற்கு ஒருவரே பொறுப்பு. இருவர் பெயரை எழுதினால் ஒருவரையொருவர் பார்த்திருப்பர். முடிக்கவேண்டிய திகதி தெளிவாக இருக்கவேண்டும். ஒருவர் கையில் ஒரே வேளையில் இரண்டு மூன்று வேலைகளுக்கு மேல் இருத்தலாகாது.

பெரியோர்களே, இப்பலகையைப் பிரம்பாக்கிவிடாதீர்கள். தாமதித்து நிற்கும் அட்டையைக் கண்டு அதட்டினால், அடுத்த கிழமை முடியாத வேலையும் 'முடிந்தவை' நிரலிலே கிடக்கும். அந்தப் பொய்யினால் வருந்துபவர் யார்? ஓய்வூதியத்துக்கு மனுக் கொடுத்துவிட்டுத் தபாற்காரனைப் பார்த்திருக்கும் விதவைத் தாய்! ஆதலால், "ஏன் முடிக்கவில்லை?" என்று கேளாது, "தடை யாது? நான் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.

வாலிபர்களே, முடியாததை முடியவில்லையென்றே எழுதுங்கள். உண்மை எழுதப்படும் பலகை மூன்று நிரலாயினும் பயன்தரும். பொய் எழுதப்படும் பலகை முப்பது நிரலாயினும் வீணே.