ஆகமமும் அச்சியந்திரமும்

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் உள்ள வைத்தீசுவரன் கோயிலில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் பிரசங்கம் செய்ய எழுந்தார். கோயிலில் புராணம் படிப்பதும் அதற்குப் பயன் சொல்வதும் அந்த ஊர்ச் சனங்களுக்குப் பழகியவை. இவர் செய்தது வேறு. வழிபாட்டு முறை, புலால் உண்ணாமை, கள்ளுண்ணாமை என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, எதிரே இருந்தவர்களைப் பார்த்து, எல்லோருக்கும் விளங்கும் வசனத்தில் பேசினார். அதன் பிறகு வெள்ளிதோறும் பேசினார். வாரந்தோறும் ஒரே நாளில் மக்களைக் கூட்டி ஒழுக்கமும் சமயமும் போதிக்கும் இந்த முறையை அவர் எங்கே கண்டார்? மெதடிஸ்தப் பாதிரிமாரிடம். அவர்களுடைய பள்ளிக்கூடத்தில்தான் அவர் படித்தார், அங்கேயே ஆசிரியராக இருந்தார். பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக விவிலியத்தைத் தமிழாக்கும் வேலையிலும் பங்குகொண்டார். அவர்தான் நல்லூர் ஆறுமுக நாவலர்.

நவீன வாழ்க்கை வாசலில் வந்து நிற்கும்போது சமயப் பற்றுள்ள ஒருவர் என்ன செய்கிறார் என்பதற்கு, தமிழில் நாவலரின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய காலத்தையொட்டி, 1866இல் தேவ்பந்தில் மதரசா எழுந்தது. 1875இல் ஆரிய சமாஜம் தோன்றியது. பல சமயத்தாரும் ஒரே கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்த காலம் அது.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று பாருங்கள். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, மறு ஆண்டு உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி, 1841இல் உதயதாரகைப் பத்திரிகை. செமினரியில் மேலைநாட்டு வானியல் கற்பித்தார்கள். பஞ்சாங்கக்காரரின் கணிப்பையே கேள்விக்குள்ளாக்கினார்கள். ஆங்கிலம் படித்தால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும். ஆங்கிலம் மிஷன் பள்ளியில் கிடைக்கும். அங்கே வேதப் பாடமும் சேர்ந்தே கிடைக்கும். பிள்ளையை அனுப்பவும் முடியாமல், அனுப்பாமல் இருக்கவும் முடியாமல் பெற்றோர் தவித்தார்கள். அந்தத் தவிப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட சாமியை அஞ்ஞானம் என்று அச்சடித்துத் தெருவில் விநியோகித்தால் யாருக்குத்தான் வலிக்காது?

நாவலர் 1848இல் மிஷன் உத்தியோகத்தை விட்டார். அதே ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மறு ஆண்டு அச்சியந்திரம் வாங்கக் கடல் கடந்து சென்னை போனார். அந்தப் பயணத்தில்தான் சைவ மடமான திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் கொடுத்தது. ஒரே பயணத்தில் ஆதீனத்தின் பட்டமும் அச்சியந்திரமும்! அவருடைய வாழ்நாள் வேலை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததுதான்.

பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் பாலபாடங்கள் எழுதினார். கிறிஸ்தவர்களின் ஞானோபதேச முறையைப் பின்பற்றிச் சைவ வினாவிடை எழுதினார்: சின்னக் கேள்வி, சின்ன விடை, மனப்பாடம் செய்ய வசதி. பாட்டாக இருந்த பெரிய புராணத்தை 1852இல் வசனமாக அச்சிட்டார். அதுவரை ஏட்டை வைத்திருந்தவர் வாயைப் பார்த்திருந்தவர்கள், தாங்களே வீட்டில் இருந்து நாயன்மார் கதையைப் படிக்கலாம் என்றாயிற்று. இலக்கணச் சுத்தமான, நிறுத்தக் குறிகள் இட்ட அந்த வசன நடை இன்றுவரை நம் எழுத்துக்கு உரம். இந்த உரையைக் கூட அந்த நடையின் கடனாளியாகத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் மரபைக் காக்கப் புறப்பட்டவர், இருந்த மரபை இருந்தபடி காத்தாரா? இல்லை. இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

கோயில் வழிபாட்டு விதிகளைச் சொல்லும் ஆகமத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, கோயில்களில் ஆடு வெட்டுவதைக் கண்டித்தார். திருவிழாக்களில் தாசிகளின் சதிர் ஆட்டம் கூடாது என்றார். சொந்த ஊரின் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையே, ஆகம விதிப்படி நடக்கவில்லை என்று எழுதிக் கண்டித்தார். தன் ஊர்ச் சனங்கள் ஆண்டாண்டாகச் செய்துவந்த வழிபாட்டில் பெரும் பகுதியைத் தவறு என்று சொன்ன மனிதர் அவர். ஊரில் நடந்த சைவம் ஒன்று, அவர் நூலில் எழுதிய சைவம் இன்னொன்று. தமிழ்நாட்டில் இராமலிங்க அடிகளின் பாடல்களை இறையருளால் பிறந்த அருட்பா என்று ஏற்க அவர் மறுத்ததும், விவகாரம் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனதும் இதே பிடிவாதத்தால்தான்.

அவர் வெறும் கண்டனக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1870களில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டியபோது கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். அரசாங்க அதிகாரிகளின் அலட்சியத்தை எழுத்திலே சாடினார். சைவப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் வேண்டும் என்று உணர்ந்து 1872இல் ஆங்கிலப் பள்ளியும் தொடங்கினார்; ஆதரவில்லாமல் அது சில ஆண்டுகளில் நின்றுபோனது. 1879இல் சட்டசபைக்குப் பொன்னம்பலம் இராமநாதனே போக வேண்டும் என்று கூட்டம் கூட்டி ஆதரவு திரட்டினார். சமயப் பழமையின் குரல் யாழ்ப்பாணத்தில் அரசியல் குரலாக மாறியது அப்போதுதான். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் காலமானார்.

இவ்வளவு ஆற்றல் உள்ள மனிதர் சாதியை மட்டும் தொடவில்லை. தொடவில்லை என்பதுகூடச் சரியல்ல. தாங்கிப் பிடித்தார், பாடப் புத்தகத்திலேயே எழுதினார். அவருடைய பள்ளிகளின் கதவு ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை.

அவர் காலம் அப்படி என்று பலரும் சமாதானம் சொல்வார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. காலத்தோடு ஒத்துப்போனவராக இருந்தால் ஆட்டுப் பலியையும் விட்டிருப்பாரே! சதிரையும் விட்டிருப்பாரே! ஊர் வழக்கம் என்பதற்காக எதையும் விட்டுவைத்த மனிதரல்ல அவர். எதை மாற்ற வேண்டும், எதை வைத்திருக்க வேண்டும் என்று உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்தவருக்கு, தேர்ந்தெடுத்ததற்கான பொறுப்பும் உண்டு. புதுமையைக் கண்டு அஞ்சிய, ஊரில் மேலாதிக்கம் பெற்றிருந்த வேளாளர் சமூகத்துக்கு அவர் நிமிர்வைக் கொடுத்தார். அந்த நிமிர்வின் விலையை வேறு சனங்கள் கொடுத்தார்கள்.

அந்த விலை அவரோடு முடியவில்லை. 1929இல், அரசு உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சமமாக உட்கார வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. சில பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக முயன்றார்கள். தடுத்தவர்களின் முன்னணியில் நின்றவர் சி. சுந்தரலிங்கம். ஆக்ஸ்போர்டில் படித்தவர், கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் இருந்தவர். நவீனக் கல்வி எதையும் தவறவிடாத மனிதர்தான் கோயில் வாசலில் நின்று, மரபு மரபு என்றார்.

ஒவ்வோர் ஆண்டும் நாவலர் குருபூசை நடக்கிறது. அவருடைய பதிப்புகளையும் வசனத்தையும் கஞ்சித்தொட்டியையும் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். அதே மேடையில் 1929ஐயும் 1968ஐயும் பேச வேண்டும். பேசுவதற்கு, அந்தக் கதவுகளுக்கு வெளியே நின்ற குடும்பங்களின் பிள்ளைகளை முதலில் அழைக்க வேண்டும்.